அமெரிக்காவில் நான் படித்த படிப்பு

பேஸ்போலில் பந்து எறிவதற்கென்றே ஒருவன் இருப்பான். நான்கு வருடம் அதுதான் என் வேலை. பெரிய அணி என்றைக்காவது கூப்பிடும் என்ற நம்பிக்கையில், அமெரிக்காவின் சின்ன ஊர்களில் அடிமட்ட அணிகளுக்கு எறிந்தேன். கூப்பிடவில்லை. தோளில் தசைநார் கிழிந்தது. பயிற்சியாளர் அறைக்கு அழைத்து, சாமான்களைக் கட்டச் சொன்னார். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

மொன்ட்ரியாலுக்குத் திரும்பிய கிழமையே அப்பா என்னை ஒரு கலியாணத்துக்கு இழுத்துப் போனார். சோறு பிசையவே தோள் வலித்ததால் இடது கையில் கரண்டி பிடித்துச் சாப்பிட்டேன். தூரத்து உறவுக்காரர் ஒருவர் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"என்ன தம்பி, அமெரிக்காவில டொக்டர் படிப்பு முடிஞ்சுதோ?"

நான்கு வருடமாக அப்பா சனத்துக்குச் சொல்லிவந்த பொய் அப்போதுதான் எனக்கு விளங்கியது. நான் எறிந்த ஒரு பந்தைக்கூட அவர் வந்து பார்த்ததில்லை. ஆத்திரத்தில் உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அப்பா, பாயசத்தை உறிஞ்சியபடியே முந்திக்கொண்டார்.

"எங்க முடிஞ்சது? பெயில் விட்டிட்டான். அங்கயிருந்து கலைச்சுப்போட்டாங்கள்."