நெற்றிப் பலகையில் மாற்றாத பெயர்

நாமக்கல்லில் லாரி புக்கிங் ஆபீஸ் ஒன்றில் முப்பது வருடம் கிளார்க்காக இருந்த செங்கோடன் எழுதியது ஒரே ஒரு நாவல். அது பரிசு வாங்கியது, நாலு பதிப்பு கண்டது. எழுதாமலே இருந்திருக்கலாம் என்று இப்போது அவர் சொன்னால், மற்ற எழுத்தாளர்கள் அதைத் தன்னடக்கம் என்கிறார்கள். தன்னடக்கம் அவரிடம் என்றைக்கும் இருந்ததில்லை. ஆனால் சொல்வது மெய்.

கதை அவருடையதல்ல. லோடுக்குக் காத்திருக்கும் டிரைவர்கள் ஆபீஸில் உட்கார்ந்து பேசுவார்கள். செங்கோடன் பில் போட்டுக்கொண்டே கேட்பார். அவர்களில் வெண்ணந்தூர் காளியப்பன் சொந்த வண்டிக்காரர், பள்ளிக்கூட நாளிலிருந்து கூட்டாளி. "டேய் கோடா, உன்ற காதோட இருக்கட்டும்" என்று ஒரு மத்தியானம் அவர் சொன்னதுதான் நாவல்: நாக்பூர் பக்கம் சாலையோரச் சாப்பாட்டுக்கடை வைத்திருந்த ஒருத்தியோடு ஒன்பது வருடக் குடித்தனம்.

செங்கோடன் மோசமான ஆள் இல்லை. காளியப்பனின் பெயரை மாற்றினார், ஊரை எடப்பாடிக்குக் கொண்டுபோனார், மீசையைக்கூட எடுத்துவிட்டார். லாரியின் நெற்றிப் பலகையை மட்டும் விட்டுவிட்டார். அதில் எழுதியிருந்த மகள்களின் பெயர், 'ரஞ்சனி – யாழினி', முதல் வாக்கியத்துக்கு ஓசையாக அமைந்துவிட்டது. நாமக்கல்லில் வண்டிக்காரரின் பெயர் பாதிப் பேருக்குத் தெரியாது, "ரஞ்சனி யாழினி வந்திருச்சா?" என்றுதான் கேட்பார்கள். அன்றாடம் அப்படியே கேட்டுப் பழகிய செங்கோடனுக்கு அது லாரியின் பெயராகிவிட்டிருந்தது. சென்னை விமர்சகர் ஒருவர் அதைக் குறியீடு என்று எழுதினார். நாமக்கல்லில் யாருக்கும் குறியீடு தேவைப்படவில்லை.

யாழினி கல்லூரியிலிருந்து புத்தகத்தோடு வந்து, அம்மா பூவாத்தாளை வைத்துக்கொண்டே அப்பாவைக் கேட்டாளாம். "கதையில ஆயிரம் எழுதுவாங்க சாமி" என்றாராம் காளியப்பன். சந்தேகம் வரக் கூடாதென்று வண்டியை விற்றார். வண்டியை விற்றதுதான் பூவாத்தாளின் சந்தேகத்தை வளர்த்தது. செங்கோடனிடம் பேச்சும் நின்றது.

அடுத்த நாவல் வரவில்லை. கேட்டவர்களிடம் நேரமில்லை என்றார் செங்கோடன். ஓய்வு பெற்ற பிறகும் அதையே சொன்னார். போன ஆவணியில், பலகைப் பெயரை மாற்றி அச்சடித்த நாலாம் பதிப்போடு வெண்ணந்தூர் போனார்.

"வாங்க, உக்காருங்க" என்றார் காளியப்பன். அத்தனை வருடப் பழக்கத்தில் முதல் மரியாதை.

"பேரை மாத்திட்டேன்டா, பாரு."

"சரிங்க."

"ஒரு வார்த்தை திட்டிப்போடுடா."

"திட்டுனா அதையும் எழுதிப்போடுவீங்க."

பூவாத்தாள் டீ கொண்டுவந்தாள். தம்ளரை நீட்டாமல் நின்றாள்.

"ஏனுங்ணா, அந்தக் கடைக்காரி சிரிக்கறப்ப வாயைப் பொத்திக்குவான்னு எழுதியிருக்கறீங்களே, நெசமாலுமேங்களா?"

"அது நானாச் சேத்துனதுங்க அம்மணி." உண்மைதான். அந்தப் பெண்ணைச் செங்கோடன் பார்த்ததே இல்லை.

"வேற என்னென்ன நீங்களாச் சேத்துனது?"

காளியப்பன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் குடும்பத்துக்குச் செங்கோடன் செய்யக்கூடிய ஒரே உதவி ஒரு நல்ல பொய். நாவல்காரருக்கு அது கைவந்த வேலையாக இருந்திருக்க வேண்டும்.

"எல்லாமேதானுங்க. அத்தனையும் கற்பனை" என்றார், தம்ளரைப் பார்த்து, பாடம் ஒப்பிக்கிற குரலில்.

"பரிசு வாங்குனப்ப மேடையில, ஒரு வரிகூடக் கற்பனை இல்லைன்னு பேசுனீங்களே. யாழினி போன்ல காட்டுனா."

பூவாத்தாள் கத்தவில்லை. தம்ளரை அவர் பக்கத்தில் வைத்துவிட்டு, புருஷன் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போனாள்.

காளியப்பன் எழுந்தார்.

"நாலு மணிக்கு ராசிபுரம் பஸ்சுங்க. அதை உட்டா ஆறுக்குத்தான்."