சிவப்பு நூல் கட்டிய சட்டை

சலவைக் கடையின் பின்னறையில் இருபத்திரண்டு வருடமாக உட்கார்ந்திருப்பவளுக்குப் பூவக்கா என்று பெயர். எந்தச் சோப்புக்கும் மசியாத கறை என்றால், துவைப்பவர் அதன் பக்கத்தில் சிவப்பு நூல் கட்டி அனுப்பிவிடுவார். இவள் கறையின் மேல் ஃபேப்ரிக் பெயின்டில் பூவோ இலையோ வரைந்து, காயவிட்டு, சூட்டில் அழியாதபடி இறுகிப்போக இஸ்திரி போடுவாள். அந்த வட்டாரத்தில் நடமாடும் பூக்களில் பாதி காபிக் கறை, மீதி எண்ணெய்க் கறை. துணி கொடுக்க வருகிறவர்கள் அத்தனை பேருக்கும் ஒரே கேள்விதான்: கறை போய்விடுமா?

அவளுக்கு எல்லாம் அலுத்துப்போய்விட்டது. முதுகு விண்விண்ணென்று தெறிக்கிறது. பூவுக்கு ஐந்து இதழ் போட்டுக்கொண்டிருந்தவள் இப்போது மூன்றோடு நிறுத்திக்கொள்கிறாள். ஏனென்று கேட்க நாதியில்லை.

அன்று ஒரு வெள்ளைச் சட்டை வந்தது. பைக்குக் கீழே நீல மைக்கறை, பக்கத்தில் சிவப்பு நூல். பெயின்ட் முதுகுப்பக்கம் ஒட்டாமலிருக்க உள்ளே அட்டையைச் செருகினாள், மூன்று இலை வரைந்தாள், இஸ்திரியும் போட்டாள்.

சாயங்காலம் முதலாளி கையைப் பிசைந்துகொண்டு வந்தார். அந்த நூலைக் கட்டியது அந்த வாரம்தான் கல்லாவுக்கு வந்த பெண். சட்டையைத் துவைத்தால் போதும், கறையைத் தொடவே கூடாது என்று அதைக் கொடுத்த அம்மா சொன்னாராம். மறந்துவிடாமலிருக்க அந்தப் பெண் நூல் கட்டினாளாம். சிவப்பு நூலுக்கு அங்கே என்ன அர்த்தம் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. கறை துவைக்கும்போதே போய்விட்டது, அதனால் இலவசமாக இலை போட்டோம் என்று சொல்லிவிடலாம் என்றார் முதலாளி.

அன்றைக்கு ஒரு பொய்யைச் சுமக்கவும் பூவக்காவுக்குத் தெம்பில்லை. சட்டையை எடுத்துக்கொண்டு தானே முன்பக்கம் போனாள்.

சட்டையை வாங்க வந்திருந்த அந்த அம்மா இலைகளையே பார்த்துக்கொண்டு நின்றார். "பேனாவை மூடி வைங்கன்னு காலம் பூரா திட்டினேன். கேக்கவே இல்ல. அவர் கடைசியா போட்டிருந்தது இது."

"தப்பு என்னோடதும்மா. நூலைப் பார்த்தேன், துணியைப் பார்க்கல."

இனிப் பூசி மெழுக ஒன்றுமில்லை. வெறுமனே நிற்கவும் முடியவில்லை. பூவக்கா சட்டையை மெல்ல உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பினாள். இத்தனை வருடமாக அவள் அழித்த கறை என்று ஒன்றுகூட இல்லையே, மூடியதுதானே எல்லாம். மைக்கறை அங்கே அப்படியே இருந்தது.

அந்த அம்மா அதன் மேல் விரலை வைத்தார். வெகுநேரம் விரலை எடுக்கவில்லை. பிறகு சட்டையைத் திருப்பியபடியே மடித்து நெஞ்சோடு வைத்துக்கொண்டு, வாசல் வரை போய் நின்று கேட்டார்.

"இது போயிடாதுல்ல?"

"சூடா இஸ்திரி போட்டாச்சும்மா," என்றாள் பூவக்கா. "இனிமே எதுக்கும் போகாது."