கிராணி நடித்த நாடகம்

போன மாதம் மருமகள் என்னை ஈப்போவில் ஒரு நாடகத்துக்கு இழுத்துப் போனாள். பழைய கிடங்கு ஒன்றில் நடந்தது. நாற்காலி கிடையாது; நடிகர்களின் பின்னாலேயே நாமும் நடக்க வேண்டுமாம். "இது புதுசு மாமா," என்றாள். அங்கே ஒரு காலத்தில் ரப்பர் ஷீட்டு அடுக்கியிருப்பார்கள் போல. சுவரில் இன்னும் அந்தப் புளித்த வாடை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்தப் புதுசை நாங்கள் எழுபதுகளிலேயே செய்து, அடி வாங்காமல் தப்பித்தவர்கள்.

சுங்கை சிப்புட் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டம். நாடகம் எழுதியவன் நான். கிராணி வேஷமும் எனக்கே. கிராணிதான் காலையில் ஆட்கள் கூடி நிற்கும் பெரட்டில் பெயர் கூப்பிட்டு, யாருக்கு எந்த நெரை, அதாவது எந்த மர வரிசை, என்று பிரித்துக் கொடுப்பவர். அவரைக் கிண்டல் செய்யும் நாடகத்துக்கு அவரே மண்டபச் சாவியைக் கொடுப்பாரா, நீங்களே சொல்லுங்கள். ஆகவே அவர் டவுனுக்குப் போகும் ஞாயிறு மதியமாகப் பார்த்து, ரப்பர் பால் நிறுக்கும் கொட்டகையில் போட்டோம். பார்க்க வருபவர்கள் காலி வாளியோடு வரிசையில் நிற்க வேண்டும். அதுதான் டிக்கெட். ஒவ்வொருவரையும் தராசுக்கு முன்னால் நிறுத்தி நான் திட்டுவேன். அவர்கள் திருப்பித் திட்டலாம். என்னைத் திட்ட அவ்வளவு கூட்டம் வரும் என்று நான் நினைக்கவில்லை.

பாதியில் நிஜக் கிராணியே வந்து நின்றார். பஸ்ஸைத் தவறவிட்டாராம். நான் தொப்பியைக் கழற்றி எறிந்துவிட்டுப் பால் தொட்டிக்குப் பின்னால் பதுங்கினேன். என் வீரம் அவ்வளவுதான்.

"யாருடா கொட்டாயத் தொறந்தது?" என்று கத்தினார். கூட்டம் கைதட்டியது.

"கிராணியையே நடிக்க வச்சிட்டானுங்கடா!" என்று யாரோ கூவினார்கள்.

"இது நாடகம் இல்லய்யா!" என்றார். விசில் பறந்தது. ஆளாளுக்கு வாளியைத் தட்டி, என்னைத் திட்டியதைவிட இரண்டு மடங்கு மனதாரத் திட்டினார்கள். நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். மனம் வரவில்லை.

அப்போது முனியம்மா அக்கா தராசுக்கு முன்னால் வந்தார். எதிர்த்துப் பேசினார் என்று கிராணி அவரைப் புக்கிட்டுக்கு, மேட்டு நெரைக்கு, மாற்றியிருந்தார். முட்டி வீங்கிப்போய், ஏறி இறங்குவதற்குள் அவருக்கு உயிர் போய் உயிர் வரும்.

"அய்யா, என்னால புக்கிட் ஏற முடியல. எனக்குப் பழைய நெரயே வேணும்."

கூட்டம் அடங்கியது. கிராணி சுற்றிலும் பார்த்தார். "சரி சரி, நாளைக்கு அங்கயே போ. வழி விடுங்க," என்று நழுவினார்.

மறுநாள் பெரட்டில் நான் ஓர் உயரமான ஆளுக்குப் பின்னால் போய் நின்றேன். அது நாடகத்துக்காகச் சொன்னது என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அக்கா மறுபடி மேட்டுக்குத்தான். அக்காவின் பெயர் வந்ததும் கிராணியின் பென்சில் நின்றது. பின்வரிசையில் ஒருவர் கைதட்டினார், பிறகு எல்லோரும். கிராணி உர்ரென்று பழைய நெரையையே படித்தார்.

"அவரு நடிக்கலன்னு ஒனக்குத் தெரியுமாக்கா?" என்று பிறகு கேட்டேன்.

"தெரியாமலா தம்பி? பஸ்ஸ விட்டவன் மூஞ்சி எனக்குத் தெரியாதா?"

எண்பதுகளில் தோட்டத்தை விற்றார்கள். மரங்கள் போயின, கொட்டகை போயிற்று, பெரட்டும் போயிற்று. அக்காவுக்குக் கிடைத்தது ஈப்போவில் ஒரு மலிவு வீடு. நான்காவது மாடி, லிப்ட் கிடையாது. பார்க்கப் போன அன்று அவருடைய காய்கறிப் பையை நான் வாங்கிக்கொண்டேன். அவர் இரண்டாவது மாடிப் படியில் உட்கார்ந்துவிட்டார்.

"இங்க யாருகிட்ட போய்க் கேக்குறது தம்பி?" என்றார்.

நான் பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டேன். இன்னும் இரண்டு மாடி இருந்தது.