அமாவாசைக்கு மறுநாள் அளவு

உள்ளறையில் அளவு நோட்டுகள் சரிந்து விழும் சத்தம் கேட்டது. அடுப்படியில் டீ ஆற்றிக்கொண்டிருந்த அம்சாவின் கை நின்றது. மேலே இருக்கும் நோட்டை எடுத்துக்கொள்ளச் சொன்னால், ஆபீஸிலிருந்து வந்தவர் பெட்டியையே குடைகிறாரே. வேலைக்கு உலை வைக்கத்தான் வந்திருக்கிறார்.

செய்யூர் பக்கத்து விதைப்பண்ணையில் பதினான்கு வருடமாக அவளுக்கு ஒரே வேலை. திறந்தவெளித் தொட்டியில் ஒரு நாளில் எத்தனை மில்லிமீட்டர் தண்ணீர் ஆவியாகிக் குறைந்தது என்று தினமும் காலை எட்டரைக்கு அளந்து எழுத வேண்டும். தாலி கட்டியவன் பிணமாய்க் கிடந்த காலையிலும் ஓடிப்போய் அளந்துவிட்டு வந்து அழுதவள் அவள்.

ஹரிசங்கர் நோட்டுகளோடு வெளியே வந்தார். வெயில், காற்று விவரத்தைக் கொடுத்தால் எவ்வளவு தண்ணீர் வற்றியிருக்கும் என்று கணிக்கும் கம்ப்யூட்டர் முறையை உருவாக்கிய செங்கல்பட்டு அதிகாரி.

"அம்சாம்மா, ஒரு வருஷமா மாசத்துல ஒருநாள் மட்டும் உங்க அளவு எகிறுது. கம்ப்யூட்டர் அஞ்சுன்னா நீங்க ஒம்போதுன்னு எழுதியிருக்கீங்க. அன்னிக்கெல்லாம் பண்ணைக்குப் போகாமலே எழுதினீங்களா?"

"அதுக்கு இன்னா சார் தெரியும்? அது வெயில்ல நின்னுதா?"

"உங்க பழைய நோட்டைப் படிச்சுத்தான் அது பழகிச்சு."

"என்கிட்டயே கத்துக்கினு எனக்கே திருட்டுப் பட்டம் கட்டுதா? நல்லா கீது சார் நாயம்."

அவர் சிரிக்கவில்லை. தேதிகளை வாசித்தார். அம்சா காலண்டரைப் புரட்டினாள். ஒவ்வொன்றும் அமாவாசைக்கு மறுநாள். காரணம் அவளுக்குப் புரிந்துவிட்டது. தொட்டிப் பக்கம் உணவு எதுவும் கொண்டுபோகக் கூடாது என்பது விதி. சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் பொய்க்காரி என்ற பேர் நிலைக்கும்.

"அவரு போனதுலேருந்து அமாவாசைக்கு அமாவாசை தொட்டியாண்ட காக்காவுக்குச் சோறு வெக்கிறேன் சார்," என்றாள். "மேல போட்ட வலை கிழிஞ்சி கீது. தின்னுட்டுத் தண்ணியும் குடிச்சி, குளிச்சிட்டும் போவுதுங்க போல. தப்புதான். ஆனா பொய் எழுதல."

"வலை கிழிஞ்சதைச் சொன்னீங்களா?"

"மூணு வாட்டி. அந்த நோட்டுலயே கீது, பாருங்க."

பக்கம் பக்கமாகத் தேடிப் பார்த்தார்; மூன்று இடத்தில் எழுதியிருந்தது. பிறகு ஆங்கிலத்தில் ஏதோ எழுதி நீட்டினார்.

"ஒரு கையெழுத்துப் போடுங்க."

"தமிழ்ல எழுதுங்க சார். படிச்சிட்டுப் போடறேன்."

முகம் சுளித்தாலும் அதை அடித்துவிட்டுத் தமிழில் எழுதினார்: 'அளந்தவர் பொய் எழுதவில்லை. காகம் குடித்த நாட்களைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். இவரே தொடர்ந்து அளக்கலாம்.'

விரல் வைத்து இரண்டு முறை படித்தாள். தாளைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தாள். கண்ணீர் விழுந்து மை கலையாமல் முந்தானையைக் கண்ணில் அழுத்திக்கொண்டு கையெழுத்திட்டாள்.

"புது வலை அனுப்பறேன்," என்றார் அவர், செருப்பை மாட்டியபடி.

"வரட்டும் சார். வந்தப்புறம் நம்பறேன்."

வண்டி தெருமுனை திரும்பும்வரை நின்று பார்த்துவிட்டு, கதவைச் சாத்தித் தாழ்ப்பாளும் போட்டாள்.