இடப்பக்கத் துடிப்பு

"எத்தனை நாளா இவங்களுக்குத் தசை துடிக்குது?" என்று டாக்டர் கேட்டார். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு ஆஸ்பத்திரி. என் மனைவி கட்டிலில் நினைவில்லாமல் கிடந்தாள். நான் யோசிக்கவே இல்லை.

"பதினோரு நாள் சார்" என்றேன்.

அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். இந்தக் கேள்விக்கு யாரும் இவ்வளவு கறாராகப் பதில் சொல்ல மாட்டார்கள் போலிருக்கிறது. ஒரு வாரம் இருக்கும், பத்து நாள் இருக்கும் என்று இழுப்பார்கள். எனக்கு மட்டும் சரியாகத் தெரிந்திருந்தது. பதினோரு நாளும் சந்தோஷமாக எண்ணிக்கொண்டிருந்தவன் நான்தானே.

நாங்கள் இருவரும் ராஜபாளையத்தில் ஒரே பேண்டேஜ் கம்பெனியில் வேலை பார்த்தோம். நான் தறி ஓட்டுகிறேன். அவள் துணியை வெட்டி, மடித்து, கட்டுக் கட்டாக அடுக்கும் பக்கம். எந்தெந்த ஊர் ஆஸ்பத்திரிக்கோ போகிற துணி அது. அதை நெய்கிற எங்களுக்கு ஆஸ்பத்திரிக்குப் போவதென்றால் மட்டும் வேப்பங்காய். அவளுக்கு இரண்டு வருடமாகப் பிரஷர் இருந்தது. கொடுத்திருந்த மாத்திரைகளில் ஒன்று நீர் பிரிய வைக்கிற மாத்திரை. உப்பைக் குறைக்கவும் சொல்லியிருந்தார்கள்.

எங்களுக்கு ஒரே மகள். போலீஸ் வேலைக்கு எழுதி, ஓடி, எல்லாம் தேறி, கடைசி லிஸ்டுக்காகக் காத்திருந்தாள். புரட்டாசி முதல் தேதி காலையில் என் மனைவி சாமி படத்துக்கு முன்னால் நின்று சொன்னாள்.

"புரட்டாசி முழுக்க உப்பு தொட மாட்டேன். மூணாவது சனிக்கிழமை நம்ம ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துத் திருவண்ணாமலை ஏறி பெருமாளைப் பாக்கணும். எம்மவ பேரு லிஸ்டுல வரணும்."

"ஏட்டி, கோட்டி புடிச்சிருக்கா ஒனக்கு? வேலைக்குப் போற ஒடம்பு" என்றேன்.

"டாக்டரும் உப்பக் குறைக்கத்தான சொன்னாரு? சாமிக்கும் ஆச்சு, ஒடம்புக்கும் ஆச்சு."

கேட்கச் சரியாகத்தான் பட்டது. உண்மையைச் சொன்னால் எனக்குப் பெருமையாகவும் இருந்தது. மகளுக்காக இப்படி ஒருத்தி வாயைக் கட்டுகிறாளே என்று.

அந்த வாரமே தலைசுற்றல் தொடங்கியது. மடிக்கிற மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஷெட்டுக்குள் அனல், இவளோ உப்பில்லாத சோறு இறங்காமல் அரை வயிறு. பட்டினி மயக்கம் என்று நானே முடிவு கட்டினேன். "தண்ணியக் குடி, நிறையக் குடி" என்று பாட்டிலை நிரப்பி நிரப்பிக் கொடுத்ததும் நான்தான். சொன்னபடி குடித்தாள். நான் சொன்னதை அவள் கேட்ட நேரங்கள் குறைவு. அதில் இது ஒன்றாகப் போயிற்று.

பிறகு ஒரு காலையில் சேலை முந்தானையை விலக்கி இடது புஜத்தைக் காட்டினாள். "என்னங்க, இங்க பாருங்களேன்." தோலுக்கு அடியில் சதை குறுகுறுவென்று துடித்துக்கொண்டிருந்தது. ஆணுக்கு வலது, பெண்ணுக்கு இடது துடித்தால் நல்லது நடக்கும் என்பது எங்கள் வீட்டில் யாரும் கேள்வி கேட்காத சங்கதி. எனக்குத் தலைகால் புரியவில்லை. லிஸ்ட் வந்துவிட்ட மாதிரியே இருந்தது.

கம்பெனியில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். அவளோடு மேஜையில் வேலை பார்க்கிற பெண் மட்டும் என் தறிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அண்ணே, மதினி மொகமே சரியில்ல. காலைல ரெண்டு தடவ வாந்தி எடுத்தாங்க. ஒரு எட்டு டாக்டர்ட்ட காட்டிருங்க."

"நல்ல சகுனத்துக்கு எவளாவது மருந்து திம்பாளா?" என்றேன். ஷெட்டே சிரித்தது. தறிச் சத்தத்தையும் மீறி அந்தச் சிரிப்பு இன்றைக்கும் எனக்குக் கேட்கிறது.

தினமும் வேலை முடிந்து வந்ததும், "இன்னைக்குத் துடிச்சுதா?" என்பேன். "துடிச்சுது" என்பாள். நான் மனதுக்குள் ஒன்றைக் கூட்டிக்கொள்வேன். தலைவலி என்றாள், தைலம் தேய்த்தேன். போட்ட டீயை மறந்து மறுபடியும் டீ போட்டாள். "மக போலீஸாகப் போறான்னு இப்பவே கிறுக்கு" என்று கேலி செய்தேன்.

மூன்றாவது சனிக்கிழமை மூவரும் மலைக்குப் போனோம். நல்ல கூட்டம். என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் படி ஏறினாள். பாதியில் உட்கார்ந்துவிட்டாள். வரிசையில் நிற்கிற ஜனங்களை வெறித்துப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டாள்.

"ஏங்க, தறி ஏன் ஓடல?"

நான் சிரித்தேன். முதலில் சிரித்தேன். அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. மறு நிமிடம் அவள் கையும் காலும் வெட்டி இழுக்கத் தொடங்கின. முன்பின் தெரியாத நாலு பேர் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள்.

டாக்டர் அடுத்த கேள்வி கேட்டார். "ஒரு பக்கமா, ரெண்டு பக்கமுமா?"

"இடது மட்டும்தான் சார்."

பின்னால் நின்ற மகள் விம்மினாள். "இல்ல சார், ரெண்டு பக்கமும். வலது கெண்டக்காலுதான் ரொம்ப. அப்பாட்ட சொல்லாதன்னு சொன்னாங்க."

பெண்ணுக்கு வலது துடித்தால் ஆகாது. அதனால்தான் சொல்லவில்லை. இடதை மட்டும் எனக்குக் காட்டிவிட்டு, வலதை மறைத்துக்கொண்டு பதினோரு நாள் நடந்திருக்கிறாள். நான் சந்தோஷமாக இருக்கட்டும் என்று. மகள் காரியத்துக்கு என் வாயால் ஒரு அபசகுனம் வந்துவிடக் கூடாது என்று.

மாத்திரை உப்பை வெளியேற்ற, குடித்த தண்ணீர் மிச்சத்தையும் நீர்க்க வைக்க, ரத்தத்தில் உப்பு அடியோடு இறங்கிவிட்டது என்றார் டாக்டர். "குறைக்கச் சொன்னா நிறுத்திடறீங்க" என்றார். அவர் திட்டவில்லை. பொறுமையாகத்தான் சொன்னார்.

"கண்ணிமை ஒரு நாள் துடிச்சா தூக்கம் பத்தலைன்னு விட்டுடலாம். துடிப்பு நிக்காம இருந்து, கூடவே தலையும் சுத்துனா டாக்டரைப் பாக்கணும். பிரஷர் மாத்திரை சாப்பிடறவங்க அன்னைக்கே வரணும். வாந்தி, பேச்சுல தடுமாத்தம்னா ஒரு மணி நேரம்கூட வச்சிருக்கக் கூடாது."

எல்லாமே எங்கள் வீட்டில் நடந்தவை. ஒன்றுகூட விடுபடவில்லை. மதுரைக்குக் கொண்டுபோனோம். மூன்றாம் நாள் போய்விட்டாள்.

ஐப்பசியில் லிஸ்ட் வந்தது. மகள் பெயர் இருந்தது. துக்கத்துக்கு வந்த ஒருவர், "சகுனம் பலிச்சிருச்சு பாத்தீங்களா" என்றார். அவரை எழுந்து போகச் சொன்னேன். சொந்தக்காரர்தான், அப்புறம் பேசுவதில்லை.

இப்போது ஷெட்டில் யாராவது தலை சுற்றுகிறது என்றால் தறியை நிறுத்திவிட்டுக் கத்துகிறேன். டாக்டரிடம் போய்விட்டு வந்து மாத்திரைச் சீட்டைக் காட்டு என்கிறேன். சிலர் என்னைக் கண்டாலே ஒதுங்கிப் போகிறார்கள். ஒதுங்கட்டும். அன்றைக்கு என்னிடம் வந்து சொன்ன பெண் மட்டும், "நான் அப்பவே சொன்னேனே" என்று இதுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருந்தால் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

முதல் வருஷத் திதிக்கு மகள் லீவில் வந்திருந்தாள். நான்தான் சமைத்தேன். படையலுக்கு வைக்கிறதை ருசி பார்க்கக் கூடாது. சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது. கையில் உப்பை அள்ளியவன் அப்படியே நின்றுவிட்டேன். ஒரு வருஷமாகத் தினமும் போடுகிற உப்புதான். அன்றைக்கு அளவு பிடிபடவில்லை.

"எம்புட்டும்மா போடணும்?" என்றேன்.

மகள் இலையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"தூக்கலாவே போடுங்கப்பா" என்றாள். "அம்மா சாப்பிடட்டும்."