விமானத்துக்கு முன்பே இறங்கிய அப்பா

எங்கள் மொட்டை மாடிக்கு மேலே இப்போது சென்னை விமானம் தினமும் தாழ்ந்து போகிறது. தொண்ணூறைத் தாண்டிவிட்டேன்; ஆனாலும் அந்தச் சத்தம் கேட்டால் பக்கத்தில் இருப்பவர்களின் கால்களைத்தான் முதலில் பார்க்கிறேன்.

வெள்ளைக்காரன் காலம். அப்பா அந்த வருஷம் தாடி வளர்த்திருந்தார், ஏனென்றால் அம்மா முழுகாமல் இருந்தாள். பிள்ளைத்தாய்ச்சியின் புருஷன் சவரம் செய்யக் கூடாது, பிணம் தூக்கக் கூடாது, மலையேறக் கூடாது, கப்பலேறக் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். எனக்கு அடுத்துப் பிறந்த குழந்தை தங்காததால் அம்மா இதில் ஒன்றையும் விட்டுக்கொடுக்கவில்லை.

அப்போதுதான் திருமங்கலம் சாலைப் பொட்டலில் ஒரு துரை ஏரோப்ளேனைக் கொண்டுவந்து இறக்கினான். சீட்டு வாங்கினால் மேலே ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டுவான். அப்பா குமாஸ்தாவாக இருந்த வக்கீல் தன்னுடைய சீட்டை அப்பாவுக்குக் கொடுத்துவிட்டார். வக்கீலுக்கு உயிர்மேல் ஆசை இருந்திருக்க வேண்டும். அப்பா தெரு முழுக்கச் சொல்லிவிட்டுக் கடைசியில் வீட்டில் சொன்னார்.

“மலையும் கப்பலுந்தான் ஆகாதுங்குறாக. ஆகாசத்தைப் பத்தி ஒண்ணும் சொல்லலையே!”

“சொன்னவுக ஏரோப்ளேனைப் பாத்திருந்தா அதையுந்தான் சொல்லிருப்பாக” என்று அழுதாள் அம்மா. தடுக்க முடியாது என்று தெரிந்ததும் என்னையும் கூட அனுப்பினாள், பிள்ளை முகத்தைப் பார்த்தாவது மனசு மாறட்டுமென்று.

பொட்டலில் திருவிழாக் கூட்டம். என்னை மாட்டுவண்டியிலேயே உட்காரவைத்துவிட்டு அப்பா கூட்டத்துக்குள் போனார். கொஞ்ச நேரத்தில் தூரத்தில், அப்பா போட்டிருந்த மாதிரியே ஒரு வெள்ளைச் சட்டை அந்த இயந்திரத்துக்குள் ஏறியது. அது அலறிக்கொண்டு ஓடி, எழும்பியது. மாடுகள் மிரண்டு திமிறின. வண்டிக்காரர் அவற்றின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக்கொண்டு, “பயப்படாத பாப்பா” என்றார். ஏரோப்ளேன் திருப்பரங்குன்றம் மலைக்குப் பின்னால் போய் மறைந்தது. சத்தமும் நின்றுபோயிற்று. அப்பா போய்விட்டார் என்றே நினைத்தேன். அழக்கூட வரவில்லை.

என் தோளில் ஒரு கை விழுந்தது. சில்லென்றிருந்தது. திரும்பினால் அப்பா!

“நகந்து உக்காரு தாயி. வீட்டுக்குப் போவோம்.”

வண்டிக்காரர் ஏதோ கேட்க வாயெடுத்தார், அப்பா கையமர்த்தினார். மலைப்பக்கம் பார்த்தேன். ஏரோப்ளேன் திரும்பவில்லை, அப்பா மட்டும் வந்துவிட்டார். செத்தவர்கள்தான் அப்படி வருவார்கள் என்று எனக்குத் தெரியும். பேயின் கால் தரையில் பாவாது என்பதும் தெரியும். ஆனால் அவர் சம்மணம் போட்டு, வேட்டியை இழுத்து மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் வண்டியின் ஓரத்தோடு ஓரமாக ஒதுங்கி, விழாமல் வந்ததே பெரிது.

வீட்டு வாசலில் தெருவே காத்திருந்தது. அங்கே மட்டும் அப்பாவுக்குப் பேச்சு வந்தது. மேலேயிருந்து கோயிலின் நாலு கோபுரமும் நாலு உப்புச் சிமிழாகத் தெரிந்ததாம். வைகை அவிழ்த்துப் போட்ட ரிப்பன் மாதிரி கிடந்ததாம். நான் அம்மாவை அடுப்படிக்கு இழுத்துப் போனேன்.

“அம்மா, இது அப்பா இல்ல. ஏரோப்ளேன் இன்னும் எறங்கவே இல்ல. இவரு மட்டும் வந்துட்டாரு.”

அம்மா சிரித்தாள். பிறகு வயிற்றைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்து அழுதாள். எனக்கு இருந்த கொஞ்சநஞ்சத் தைரியமும் போயிற்று. “ஒருத்தர்கிட்டயும் மூச்சு விடாத” என்று சொல்லிவிட்டு, முந்தானையால் முகம் துடைத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள்.

“நான் சரியாக் கேக்கல. மொதல்ல இருந்து சொல்லுங்க. கோபுரம் எப்படித் தெரிஞ்சுச்சு?”

அப்பா அவள் முகத்தைப் பார்த்தார். மறுபடி அவளைப் பார்த்தே சொல்லத் தொடங்கினார்.

சீட்டை வேறு யாரிடமோ கொடுத்துவிட்டு வந்திருக்கிறார் என்பது வளர்ந்த பிறகு புரிந்தது. தனக்காகப் பயந்தாரா, வயிற்றிலிருந்த தம்பிக்காகவா என்பது இன்றும் தெரியாது. தம்பி நல்லபடியாகப் பிறந்து, அப்பா தாடி எடுத்த பிறகும், வீட்டுக்கு யார் வந்தாலும் அம்மாவேதான் அந்தக் கதையை எடுத்துக் கொடுப்பாள். அன்று ராத்திரி அப்பாவுக்கு இலை போட்டபோது எனக்கு இருந்த நடுக்கமெல்லாம் ஒன்றுதான்: பேயென்று தெரிந்தும், அம்மா அவர் இலையில் இம்புட்டு நெய் ஊற்றுகிறாளே!