இறங்கும்போது அணைந்த திரை

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஓணம் முடிந்து பத்துப் பதினைந்து நாள் இருக்கும். மட்டாஞ்சேரியில் ஒரு பழைய மிளகுக் கிடங்கின் மாடியில்தான் நான் வேலை செய்யும் கம்பெனி. கீழே இன்றும் சுக்கு வியாபாரம் நடக்கிறது. மேலே நாங்கள் பன்னிரண்டு பேர், சின்னப் பயிற்சி விமானங்களுக்கான காக்பிட் திரை செய்கிறோம்.

முன்பெல்லாம் பைலட்டுக்கு எதிரே வட்ட வட்டமாக முள் மீட்டர்கள் இருக்கும். வேகத்துக்கு ஒன்று, உயரத்துக்கு ஒன்று, விமானம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று காட்ட ஒன்று, இப்படி. அத்தனையையும் ஒரே திரையில் காட்டுவதுதான் எங்கள் கருவி. மேகத்துக்குள் நுழைந்துவிட்டால் வெளியே வெள்ளையைத் தவிர ஒன்றும் தெரியாது. நேராகப் போகிறோமா, சாய்ந்து போகிறோமா என்பதில் உடம்பே நம்மை ஏமாற்றிவிடுமாம். அப்போது அந்தத் திரைதான் பைலட்டுக்குக் கண்.

அப்பா காலத்திலேயே தென்காசிப் பக்கமிருந்து கொச்சிக்கு வந்துவிட்ட குடும்பம் எங்களுடையது. ஐடிஐ முடித்துவிட்டு, தோப்பும்படி மீன்பிடித் துறைமுகத்தை ஒட்டிய ஒரு கடையில் ஒன்பது வருடம் படகுகளின் ஜிபிஎஸ்ஸும், மீன் கூட்டத்தைக் காட்டும் மெஷினும் ரிப்பேர் பார்த்தேன். கை வேலை சுத்தம் என்று யாரோ சொல்லித்தான் இந்தக் கம்பெனி என்னைக் கூப்பிட்டது. அத்தனை இன்ஜினியர்களுக்கு நடுவே டிகிரி இல்லாதவள் நான் ஒருத்திதான். சர்க்யூட் போர்டுகளில் ஈயத்தால் பற்றவைக்கிற சால்டரிங் வேலை முழுக்க என் பொறுப்பு.

முதல் திரையை ஒரு சின்ன விமானத்தில் பொருத்திப் பறக்க ஆரம்பித்தோம். முதல் நாள் மேலே ஏறும்வரை ஒரு குறையும் இல்லை. இறங்கும்போது திரை பொசுக்கென்று அணைந்து, அரை நிமிடம் கழித்துத் தானாக வந்தது. இரண்டாம் நாளும் அப்படியே. கழற்றிக் கொண்டுவந்து எங்கள் மேஜையில் வைத்து இரண்டு நாள் தொடர்ந்து ஓட்டினோம். ஒரு தடவைகூட அணையவில்லை.

இப்படி வந்து வந்து போகும் கோளாறு என்றால் எல்லோர் கண்ணும் முதலில் சால்டரிங் பக்கம்தான் திரும்பும். தலைமை இன்ஜினியர் என்னிடம் கோபப்படவில்லை. மறுபடியும் எல்லாவற்றையும் பற்றவைத்துப் பாருங்கள் என்று மட்டும் சொன்னார். சந்தேகப்பட்ட கனெக்டரைச் சுற்றியிருந்த வார்னிஷ் பூச்சைச் சுரண்டி எடுத்து, அதன் கம்பிக் கால்கள் ஒவ்வொன்றையும் புதிதாகப் பற்றவைத்தேன். சோதனைக்குப் பறக்கிற பெண் பைலட் வந்து கேட்டபோது, இனிமேல் அணையாது, என் கை வேலைக்கு நான் பொறுப்பு என்று பெரிதாகச் சொல்லிவிட்டேன்.

மூன்றாம் நாள் மேகத்துக்கு நடுவே இறங்கும்போது இரண்டு நிமிடம் திரை இருண்டு கிடந்தது. ஆபத்துக்கு என்று விட்டுவைத்திருந்த மூன்று பழைய முள் மீட்டர்களைப் பார்த்தேதான் அவர் விமானத்தை நேராக வைத்துக் கீழே கொண்டுவந்தார்.

அனுமதி தருகிற அதிகாரிகள் வந்து பார்க்க மூன்று வாரம்தான் இருந்தது. கையால் பற்றவைத்ததில் குறை என்று அறிக்கை தயாரானது. போர்டுகளை வெளியே கொடுத்து மெஷினில் செய்துகொள்வதாக முடிவு. என்னை ஸ்டோருக்கு மாற்றி, திருகாணிகளை எண்ணிப் பெட்டியில் போடச் சொன்னார்கள். போர்டு இல்லாத இடத்தில் எனக்கு என்ன வேலை? இன்னும் ஒரு மாதத்தில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்பது புரிந்தது. அதைவிட, என் வார்த்தையை நம்பி ஒருத்தி மேகத்துக்குள் போனாளே என்பதுதான் நெஞ்சை அறுத்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஃபோர்ட் கொச்சியிலிருந்த அந்த பைலட்டின் வீட்டுக்குப் போனேன். என் வயதுதான் அவருக்கும். மலையாளி, ஆனால் கோயம்புத்தூரில் படித்தவர் என்பதால் தமிழ் பேசுவார். கதவைத் திறந்ததுமே சொல்லிவிட்டேன்.

"மேடம், இனிமே அணையாதுன்னு நான்தான் சொன்னேன். தப்பு என்னோடது."

அவர் கதவை அகலத் திறந்தார். "நீங்க சொன்னதுக்காக மட்டும் நான் பறக்கல. உள்ள வாங்க, சாயா போடறேன்" என்றார்.

சாயா குடிக்கும்போது எனக்குப் படகுக் கடைப் பழக்கம் வந்துவிட்டது. அங்கே ரிப்பேருக்கு மெஷின் வந்தால் முதலில் படகுக்காரரிடம் கதை கேட்போம். கடல் எப்படி இருந்தது, மழையா, மெஷின் பக்கத்தில் என்ன வைத்திருந்தீர்கள் என்றெல்லாம். அதே மாதிரி அவரிடமும் கேட்டேன்.

"அது அணையறதுக்கு முன்னாடி உள்ள எப்படி இருந்துச்சு மேடம்?"

"இதை யாரும் என்கிட்ட கேட்கல" என்றார். "ஃபாரத்துல உயரம், வேகம், வோல்டேஜ் எழுதத்தான் கட்டம் இருக்கு."

பிறகு யோசித்து யோசித்துச் சொன்னார். மேலே ஒரு மணி நேரம் இருந்தால் நல்ல குளிர், விரல்கூட விறைத்துப்போகும். கீழே வரும்போது வெளிக்காற்று வருகிற துளையைத் திறந்துவிடுவார். உடனே முன்கண்ணாடி உள்பக்கம் பனி படிந்த மாதிரி மங்கும். துணியால் துடைப்பார். துடைத்து முடிப்பதற்குள் திரை போய்விடும்.

கையில் இருந்த கிளாஸைக் கீழே வைத்துவிட்டேன். ஏசி அறையிலிருந்து வெளியே வந்தால் என் மூக்குக் கண்ணாடி எப்படி மங்குகிறதோ அதே கதைதான். மேலே ஜில்லென்று குளிர்ந்த போர்டின் மேல், இறங்கும்போது நம் ஊர்ப் புழுக்கக் காற்று பட்டால் வியர்க்காமல் என்ன செய்யும்? தரையில் வந்து நிற்பதற்குள் காய்ந்துவிடும். நாங்கள் கருவியைக் குளிர்பெட்டியில் வைத்துச் சோதித்திருந்தோம்தான். ஆனால் அதை வெளியே எடுத்ததும் ஏசி அறையிலேயேதான். அங்கே காற்றில் ஏது ஈரம்?

என் வீட்டுக்காரருக்கு தோப்பும்படியில் மீன் வியாபாரம். திங்கட்கிழமை காலை அவரிடமிருந்து ஒரு தெர்மோகோல் பெட்டியும் உடைத்த ஐஸும் வாங்கி ஆட்டோவில் ஏற்றி வந்தேன். மாடியில் எல்லோரும் மூக்கைப் பிடித்தார்கள். தலைமை இன்ஜினியரிடம் ஒரு மணி நேரம் கொடுங்கள், சரியில்லை என்றால் நானே வேலையை விட்டுவிடுகிறேன் என்று கேட்டேன். அவர் தன் அறிக்கையை ஒரு தடவை பார்த்தார், என்னை ஒரு தடவை பார்த்தார், சரி என்றார்.

கருவியை பிளாஸ்டிக் பையில் காற்றுப்புகாமல் கட்டி ஐஸுக்குள் புதைத்தோம். ஒரு மணி நேரம் கழித்து ஏசியை நிறுத்தி, ஜன்னல் எல்லாவற்றையும் திறந்தோம். பக்கத்துக் காயலின் ஈரக் காற்று சுக்கு வாசனையோடு உள்ளே வந்தது. பையைப் பிரித்து ஸ்விட்சைப் போட்டேன். திரை பளிச்சென்று வந்தது.

ஒரு நிமிடம் ஆயிற்று. ஒன்றும் ஆகவில்லை. பின்னால் யாரோ சிரிப்பதை அடக்கினார்கள்.

இரண்டாவது நிமிடம் முடியும் நேரம் திரை அணைந்தது.

தலைமை இன்ஜினியரே திருகாணிகளைக் கழற்றி மூடியைத் திறந்தார். கனெக்டரின் இரண்டு கால்களுக்கு நடுவே, பூச்சு இல்லாத இடத்தில், சின்னச் சின்ன நீர் முத்துகள். அந்த ஈரத்தை ஷார்ட் சர்க்யூட் என்று எடுத்துக்கொண்டு கருவி தன்னைத்தானே அணைத்துக்கொண்டிருக்கிறது. ஈரம் படாமல் காக்கிற வார்னிஷை அந்த இடத்தில் பூச வேண்டாம் என்று வரைபடத்தில் போட்டது தான்தான் என்று அவர் எல்லோர் முன்னாலும் சொன்னார்.

அப்போது நானும் வாயைத் திறந்தேன். மூன்றாம் தடவை இரண்டு நிமிடம் அணைந்ததற்குக் காரணம் நான்தான். மறுபடி பற்றவைக்கிறேன் என்று மீதியிருந்த பூச்சையும் சுரண்டியவள் நான். திரும்பப் பூசவும் இல்லை. அவர் தலையை ஆட்டி, அதையும் எழுதிக்கொண்டார். பழைய அறிக்கையை என் கண் முன்னாலேயே கிழித்துக் குப்பையில் போட்டார்.

கனெக்டரின் அடிவரை பூச்சு ஏறும்படி செய்து, காற்றுத் துளையின் திசையையும் மாற்றினோம். ஐஸ் பெட்டியில் பதினோரு முறை புதைத்து எடுத்தோம். ஒரு முறைகூட அணையவில்லை.

அடுத்த சோதனைக்குப் பக்கத்து சீட்டில் தலைமை இன்ஜினியர் போவதாக இருந்தது. பைலட் அவருக்குப் பதில் என்னைக் கைகாட்டிவிட்டார். அதுவரை விமானத்துக்குள் கால் வைக்காதவள் நான். பெல்ட்டை மாட்டிவிட்டு அவர் ஒன்றுதான் சொன்னார்:

"நீங்க ஸ்க்ரீனைப் பாருங்க. ஜன்னலை அப்புறம் பார்த்துக்கலாம்."

மேலே போய் ஒரு மணி நேரம் சுற்றினோம். குளிரில் என் பற்கள் தந்தியடித்தன. பிறகு இறங்க ஆரம்பித்தோம். அவர் காற்றுத் துளையைத் திறந்தார். முன்கண்ணாடி மங்கியது. அடுத்த நொடி மேகத்துக்குள் இருந்தோம். விமானம் இடது பக்கம் கவிழ்கிறது என்று என் உடம்பு கத்தியது. திரையில் சாய்வைக் காட்டும் கோடு நேராக நின்றது. நான் ஒன்று, இரண்டு என்று வாய்க்குள் எண்ணிக்கொண்டே இருந்தேன். முப்பது, அறுபது, நூற்றிருபது. திரை கண் சிமிட்டக்கூட இல்லை.

இருநூற்றுப் பத்தை எண்ணும்போது மேகம் விலகியது. கீழே காயலும் கடலும் தென்னையும் வெயிலில் மின்னின. விமானம் துளிகூடச் சாயாமல் திரை சொன்னபடியே போய்க்கொண்டிருந்தது. பைலட் சிரித்துக்கொண்டே, "இப்ப ஜன்னலைப் பாருங்க" என்றார். எனக்குக் கண்ணீரில் ஒன்றும் சரியாகத் தெரியவில்லை.

அதிகாரிகள் சொன்ன நாளில் வந்தார்கள். பறந்து பார்த்துத் திருப்தியாகக் கையெழுத்துப் போட்டார்கள். அந்தத் திரையை வைத்துக்கொண்டுதான் இன்று எத்தனையோ பிள்ளைகள் பறக்கக் கற்றுக்கொள்கிறார்கள். ஐஸ் பெட்டிச் சோதனை எங்கள் கம்பெனியில் எழுதிவைத்த விதியாகிவிட்டது, அதை நடத்துவதும் நான்தான்.

எல்லோரும் என் மூளையைப் பாராட்டும்போது எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கும். ஏனென்றால் அந்த ஞாயிற்றுக்கிழமை நான் விடை தேடிப் போகவில்லை. மன்னிப்புக் கேட்கத்தான் போனேன், அப்படிப் போகாமல் வெட்கப்பட்டு வீட்டிலேயே இருந்திருந்தால் இன்றுவரை திருகாணிதான் எண்ணிக்கொண்டிருப்பேன்.